தீக்கு அடுத்த படி

நூம்பலில் அந்த வருஷம் பேச்சு இரண்டே விஷயத்தைப் பற்றித்தான். ஏரித் தண்ணீர் சித்திரை வரை தாங்குமா என்பது ஒன்று. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சரம்மா பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாளாமே என்பது இன்னொன்று. ஏரி விஷயத்தில் யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆகவே ஊரின் முழு அக்கறையும் டீச்சரம்மா மேல் திரும்பியது.

டீச்சரம்மாவின் பெயர் ஜெயசீலி. இருபது வயது இருக்கும். பூந்தமல்லியில் கம்பவுண்டர் வீட்டுப் பெண், பட்டணத்தில் டிரெயினிங் முடித்தவள். வேலப்பன்சாவடி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பு வழியாக நடந்து வருவாள். அவள் வந்த முதல் வாரத்திலேயே மணியக்காரர் சொல்லிவிட்டார்: "பொட்டப் புள்ளிங்களுக்குப் பாட்டு இன்னாத்துக்கு? நாளைக்கு எவன் கட்டிகினு போவான்?" வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் கலெக்டருக்கு அடுத்தபடி தாம்தான் என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர் அவர். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிய ஆண்களில் பாதிப்பேர் விடியற்காலையில் ஏற்றம் இறைக்கும்போது அடுத்த ஊருக்குக் கேட்கிற மாதிரிப் பாடுகிறவர்கள். அது பாட்டில் சேர்த்தி இல்லை போலும்.

வேம்புலி அந்தக் கூட்டத்தில் தலையாட்டவில்லை. ஒரு காலத்தில் நூம்பலில் ஏற்றப் பாட்டு என்றால் அவன்தான். மல்லிகைத் தோட்டத்துக் கிணற்றில் அவன் குரல் எழும்பினால் ரோட்டில் போகிற வண்டிக்காரன் மாட்டை இழுத்துப் பிடித்துக் கேட்பான். போன வருஷம் பங்குனியோடு அது நின்றுபோயிற்று. இப்போதும் தண்ணீர் இறைக்கிறான், ஊமையாக.

ஏற்றம் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே நீளமான மரத்தின் மீது ஒருவன் முன்னும் பின்னும் நடப்பான். கீழே கிணற்றோரம் ஒருவன் கழியைப் பிடித்துச் சால் என்கிற பெரிய வாளியை இறக்குவான், ஏறி வந்ததும் கவிழ்ப்பான். கவிழ்க்கிறவன்தான் பாட வேண்டும். எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கு அந்தப் பாட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு அறுந்தால் கணக்கும் போச்சு. அதனால் ஏற்றத்தில் நிற்கிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

போன பங்குனியில் மரத்தின் மேல் துலுக்கானம் நடந்துகொண்டிருந்தான். கீழே வேம்புலி பாடிக்கொண்டிருந்தான். அவன் மகள் தாட்சாயிணி, ஏழு வயசுக் குழந்தை, தோட்டத்து வழியாக மூச்சிரைக்க ஓடி வந்து எதிரே நின்று வாயைத் திறந்தாள். கணக்கு தப்பிவிடுமே என்று வேம்புலி பாட்டை நிறுத்தாமல் விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துக் காட்டினான், சும்மா இரு என்று. அவள் வாயை மூடிக்கொண்டாள். சொன்ன பேச்சுக் கேட்கிற குழந்தை. இன்னும் சில சால் கவிழ்ந்தன. அப்புறம்தான் துலுக்கானம் மரத்தின் மேலிருந்து கத்தினான்: "அண்ணாத்தே, உன் ஊட்டாண்ட புகை."

வீடும் மாட்டுக் கொட்டகையும் ஒரே கூரையாக எரிந்தன. அடுப்பிலிருந்து பறந்த பொறியோ என்னவோ. அவன் பெண்சாதி முத்தம்மாள் சந்தையிலிருந்து ஓடிவந்தாள், ஊரே திரண்டு வந்தது. ஆனால் கட்டிப்போட்டிருந்த பசுவையும் கன்றையும் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கன்று தாட்சாயிணியின் கையில் வளர்ந்தது.

அன்றிலிருந்து குழந்தை பேசவில்லை. துலுக்கானத்தம்மன் கோயிலில் கயிறு கட்டினார்கள். பூந்தமல்லிப் பள்ளிவாசலில் ஓதி ஊதின தண்ணீர் கொடுத்தார்கள். வைத்தியர் நாக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, பயந்திருக்கிறது, தானாகச் சரியாகும் என்றார். எதற்குப் பயந்தாள் என்று கேட்டால் எல்லோரும் சொன்னார்கள், நெருப்புக்கு என்று. வேம்புலிக்கு மட்டும் வேறு கணக்கு. சும்மா இரு என்று சொன்னவன் அவன். அவள் சும்மா இருக்கிறாள். அந்த விரலைப் பற்றி அவன் முத்தம்மாளிடம்கூட வாய் திறக்கவில்லை. வீட்டைப் பக்கத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். கொட்டகையின் கரிந்த கம்பம் ஒன்று மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. அதைப் பிடுங்க அவனுக்குக் கை வரவில்லை.

ஆடி கழிந்து ஒரு நாள் முத்தம்மாள் கலவரத்தோடு கிணற்றுக்கு வந்தாள். "இன்னா மனுஷன் நீ, கொஞ்சம் வந்து பாரு. பொண்ணு தானா கைய ஆட்டிகினு கீது. எனக்கு பயமா கீது."

போய்ப் பார்த்தான். தாட்சாயிணி வாசலில் குந்திக்கொண்டு, இடுப்புக்கு நேரே ஒரு கை முட்டியை மடக்கி வைத்திருந்தாள். பிறகு கை சாய்ந்தது, தட்டையாயிற்று, கவிழ்ந்தது, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, மறுபடி இறங்கியது. யாரோ எதிரே நிற்கிற மாதிரி அவள் கண் ஓர் இடத்திலேயே இருந்தது. காற்று கருப்பு என்று முத்தம்மாள் முடிவு கட்டிவிட்டாள். வேம்புலி அவள் போய்வரும் பள்ளிக்கூடத்தின் மேல் பழியைப் போட்டான். அங்கே பிள்ளைகள் வேறு அவளை ஊமச்சி என்று கூப்பிடுகின்றன, கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று பெரிய வாத்தியாரும் அலுத்துக்கொள்கிறார். பேசாமல் நிறுத்திவிட்டுப் பூப்பறிக்க வைத்துக்கொள்ளலாம் என்று மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

பள்ளிக்கூடம் ஒரே கூரைக் கொட்டகை. உள்ளே ஒரு பக்கம் பெரிய வாத்தியார் பரந்தாமன் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயசீலி வெளியே வந்து புங்கமரத்தடியில் நின்றாள்.

"டீச்சரம்மா, எம் பொண்ண இட்டுகினு போவ வந்தேன். அது வாயே தொறக்காது. பாட்டு கிளாஸ்ல அதுக்கு இன்னா வேலை?"

"அவ தினம் பாடுறா அண்ணே. சத்தம்தான் இன்னும் வரல."

வேம்புலிக்குக் கோபம் வந்தது. கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தான். அவள் கேலி செய்யவில்லை.

"ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கை இருக்கு. கீழ்ப்படிக்கு முட்டி. அப்படியே ஏறிப் போகணும். மத்த பிள்ளைங்க நாலாவது படியில தடுமாறுவாங்க, குரலும் போயிடும், கையும் போயிடும். இவ கை ஒரு நாள்கூடத் தப்பல. உள்ளுக்குள்ள சரியாப் பாடினாத்தான் கை அப்படிப் போகும். இப்பல்லாம் அவ கையைப் பார்த்துத்தான் மத்தவங்களைப் பாடச் சொல்றேன். அவதான் கிளாஸுக்கு முன்னால நிக்கிறா."

முன்னால் நிற்கிறாள் என்றதும் வேம்புலிக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது. இத்தனை மாதமாக அந்தக் குழந்தையை எல்லோரும் பின்னால்தான் நிறுத்தியிருந்தார்கள், அவன் உள்பட.

"நான் ஒண்ணு செய்யுறேன், கேளுங்க" என்றாள் ஜெயசீலி. உள்ளே வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டு மெல்ல முனகினாள். ஒவ்வொரு படியாகக் குரல் ஏறியது, கையும் கூடவே ஏறியது. ஏழாவது படியில் ஆள்காட்டி விரல் வானத்தைக் காட்டி நின்றது. குரலும் அங்கேயே நின்றது. மேலே போகவில்லை, இறங்கவும் இல்லை. வேம்புலியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

தும்மல் வந்து நின்றுபோனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவனுக்கு. மூக்கைச் சுருக்கினான், தோளைச் சொறிந்தான். கடைசியில் அவனையும் அறியாமல் அவன் தொண்டை அந்த மேல்படியைப் போட்டு முடித்தது. அந்தப் பங்குனிக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் பாட்டு அந்த ஒரு சுரம்தான். வெட்கப்பட்டுப் போய் இருமிச் சமாளித்தான்.

ஜெயசீலி சிரித்துவிட்டாள். "பார்த்தீங்களா? யாராலயும் அங்க நிக்க முடியாது. அவளாலயும் முடியாது. அந்தக் கடைசிப் படியை அவளுக்குன்னு வெச்சிருக்கேன். இன்னும் அஞ்சாவது படியிலதான் இருக்கோம், குழந்தைங்க தொண்டை, மெல்லத்தான் ஏத்தணும். மேல போனதும் அந்த இடத்துல எல்லாரையும் நிறுத்திடுவேன். வேற யாரும் முடிக்கக் கூடாது. அவ முடிக்கிற வரைக்கும் காத்திருப்போம்."

"முடிக்கலேன்னா?"

"மறுநாள் காத்திருப்போம்."

வேம்புலி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பினான். மந்திரம் தந்திரம் என்று எத்தனையோ பேர் அவனிடம் அடித்துச் சொல்லியிருக்கிறார்கள், இத்தனை நாளில் குணம் என்று. இந்தப் பெண் ஒன்றுக்கும் உத்தரவாதம் தரவில்லை. காத்திருப்போம் என்றுதான் சொன்னாள். அதனாலேயே அவளை நம்பலாம் என்று அவனுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் முத்தம்மாளிடம் சொன்னான்: "காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. உன் பொண்ணு பாடிகினு கீது. சொம்மா இரு." கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஐப்பசி போயிற்று, தை போயிற்று. பங்குனி மறுபடி வந்தது. ஏரி பாதிக்குமேல் வற்றிக் காற்று அனலாக அடித்தது. கூரை வீட்டுக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போகிற மாதம் அது. கொட்டகைக்குள் வெக்கை தாங்காமல் ஜெயசீலி அன்று பாட்டு வகுப்பைப் புங்கமரத்தடிக்குக் கொண்டுவந்தாள். நல்லா வாயைத் திறந்து பாடுங்க என்று வேறு சொல்லிவைத்தாள். வருஷம் முழுக்க வாயை மூடு என்றே கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மல்லிகைத் தோட்டத்தில் வேம்புலி சாலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். காற்று பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து அடித்தது. அதில் பிள்ளைகளின் குரல் கும்பலாக வந்தது, ஒரே வார்த்தை, இழுத்து இழுத்து.

"தீ... தீ..."

மரத்தின் மேலிருந்த துலுக்கானம் அப்படியே குதித்தான். "அண்ணாத்தே, பள்ளிக்கூடத்தாண்ட தீயாம். புள்ளிங்க கத்துது." வேம்புலி பக்கத்திலிருந்த குடத்தைச் சாலுக்கு அடியில் பிடித்து நிரப்பிக்கொண்டு ஓடினான். ஓடுகிறபோது அவனுக்குப் பள்ளிக்கூடம் தெரியவில்லை, போன வருஷத்துக் கொட்டகைதான் தெரிந்தது. பின்னாலேயே பெண்கள் தவலையும் பானையுமாக, ஆண்கள் ஈரக் கோணியும் மண்வெட்டியுமாக வரப்பெல்லாம் உடைய ஓடிவந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜெயசீலி டிரெயினிங்கில் கற்றுக்கொண்ட சுரங்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் வேறு. தோ, ரே, மீ, பா, சோ, லா. ஏழாவது, தீ. மேலே போனால் மறுபடியும் தோ. பட்டணத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தவர்களும் கற்றுக்கொண்டவர்களும் ஓட்டு வீட்டுக்காரர்கள். ஜெயசீலியும் ஓட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். பங்குனி மாதத்தில் கூரை வேய்ந்த ஊர் நடுவே அந்த ஏழாவது பெயரை முப்பது குழந்தைகளைக் கொண்டு உரக்கச் சொல்ல வைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வேலியைத் தாண்டி வேம்புலி உள்ளே பாய்ந்தபோது மரத்தடியில் பிள்ளைகள் எல்லோரும் ஆள்காட்டி விரலை மேலே தூக்கிக்கொண்டு, தீ என்று இழுத்தபடி நின்றார்கள். விரலெல்லாம் கூரையைத்தான் காட்டின. பார்த்த மாத்திரத்தில் துலுக்கானம் ஒரு தவலைத் தண்ணீரைக் கூரைமேல் வீசினான். என்ன சத்தம் என்று பார்க்க அந்த நேரம் வாசற்படிக்கு வந்த பரந்தாமன் வாத்தியாரின் தலையில் அதில் பாதி விழுந்தது. கூரையில் புகையும் இல்லை, ஒன்றும் இல்லை.

பிள்ளைகளுக்கு எதிரே, டீச்சரம்மாவுக்குப் பக்கத்தில், தாட்சாயிணி நின்றாள். அவள் விரலும் மேலேதான் இருந்தது. வேம்புலி குடத்தோடு அவள் எதிரில் போய் நின்றான்.

"எங்க? எங்கம்மா தீ?"

குழந்தை அவனைப் பார்த்தாள். மேலே இருந்த விரலை மடக்கி முட்டியாக்கினாள். நெற்றிக்கு நேரே அதை உயர்த்திப் பிடித்தாள்.

"தோ" என்றாள்.

சன்னமான குரல். ஆனால் சுத்தமாக, எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்தது. இழுத்துப் பிடித்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். அது தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஊர்க்காரர்களுக்கும் தொற்றிக்கொண்டு, ஏன் என்று தெரியாமலே அவர்களும் மூச்சு விட்டார்கள்.

ஜெயசீலி கை தட்டவில்லை, குழந்தையைத் தூக்கிக் கொஞ்சவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. முந்தாநேற்றும் அதற்கு முந்தியும் நடந்துகொண்டிருந்தது போலவே தலையை ஒரு தரம் அசைத்து, "சரி, இப்ப இறங்குவோம்" என்று கையைக் கீழே கொண்டுவந்தாள். பிள்ளைகள் இறங்கினார்கள். அந்தக் குரல்களுக்கு நடுவே ஒரு புதுக் குரலும் இறங்கியது.

அதற்குள் மணியக்காரர் வந்து சேர்ந்தார். அவர் உடம்புக்கு அதுவே ஓட்டம். "இன்னா கூத்து இது? ஊரையே ஓட வுட்டு வேடிக்க பாக்குறீங்களா? இனிமே இந்த ஊர்ல பாட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"தப்பு என் மேலதான்" என்றாள் ஜெயசீலி. பயந்த குரல் இல்லை. "எங்க பாட்டுல அது ஒரு சுரத்தோட பேரு. இப்படி ஆகும்னு நான் யோசிக்கல. எல்லாரும் மன்னிக்கணும். நாளையிலேருந்து அந்த இடத்துல நம்ம சரிகமபதநியிலேருந்து 'நீ'ன்னு வெச்சுக்கிறேன். ஆனா பாட்டை நிறுத்த மாட்டேன்."

மணியக்காரர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் வேம்புலியின் குரல் கேட்டது. "மணியக்காரரே, எம் பொண்ணு பேசிச்சி."

"இன்னா பேசிச்சி?"

"தோன்னு சொல்லிச்சி."

"தீ எங்கன்னு கேட்டா தோன்னிச்சா? தீயே இல்லியே" என்றான் துலுக்கானம், இன்னும் கூரையை அண்ணாந்து பார்த்தபடி. அது மேல் சுரத்தின் பெயர் என்று தலையைத் துடைத்துக்கொண்டே பரந்தாமன் வாத்தியார் விளக்க ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகத் தவலையை இறக்கிவைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார்கள். மணியக்காரர், "பேர மாத்திடும்மா, மறந்துடாத" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். ஊரும் கலைந்தது.

வேம்புலி போகவில்லை. குடம் இன்னும் அவன் இடுப்பிலேயே இருந்தது. 'எங்க?' என்று தான் கேட்ட கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. போன வருஷம் கிணற்றடியில் அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். உதட்டில் விரலை வைத்த இடத்தில் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் போதும்.

குடத்தை இறக்கிவைத்துவிட்டு மகளுக்கு முன்னால் குந்தினான்.

"கண்ணு, அன்னிக்கி நைனாகிட்ட இன்னா சொல்ல வந்த? இப்ப சொல்லு. நான் பாடல. கேக்குறேன்."

தாட்சாயிணி டீச்சரம்மாவைப் பார்த்தாள். ஜெயசீலி அந்தப் பக்கம் திரும்பி, மற்றப் பிள்ளைகளிடம், "என்னைப் பாருங்க, மறுபடியும் கீழேயிருந்து" என்றாள். முப்பது ஜோடிக் கண்களும் அவள் பக்கம் போயின. இத்தனை நாள் காத்திருந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்க ஆசை இருந்திருக்காதா? ஆனால் அது தகப்பனுக்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளைப் பற்றி ஊரில் யார் என்ன சொன்னாலும், அவள் அப்படித் திரும்பி நின்றதை மட்டும் வேம்புலி கடைசி வரை மறக்கவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. அதன் மறைவில் குழந்தை அவன் காதருகே வந்தாள்.

"ஊட்டாண்ட தீ நைனா. கன்னுக்குட்டி கத்துது. சீக்கிரம் வா."

ஒரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த சேதி. ஓர் எழுத்துக் குறையாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். வேம்புலி அழுதான். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"தோ வந்துட்டேன் கண்ணு" என்றான்.

குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். அவள் அவனுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். வரப்பு வழியாக வேகமாக, அவள் இழுக்க இழுக்க அவன் நடந்தான். வீட்டு வாசலில் நின்ற முத்தம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, கூப்பிட்டாள். அவர்கள் நிற்கவில்லை. பழைய கொட்டகை இருந்த இடத்துக்குப் போய், அந்தக் கரிந்த கம்பத்தின் மேல் வேம்புலி குடத்தைக் கவிழ்த்தான். தண்ணீர் முழுதும் இறங்கி மண்ணில் சுவறும் வரை இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

"அணஞ்சிடுச்சா நைனா?" என்று கேட்டாள் தாட்சாயிணி.

"அணஞ்சிடுச்சி" என்றான் வேம்புலி.